காப்பிப் பழம் பழுக்கிற மாதத்தையும் படம் எடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் இணைப்பில் நடுப்பக்கம் முழுக்க "இலையுதிர் காலத்துக்கு ஏற்ற உடைகள்" என்று போட்டிருந்தீர்கள். சிவப்பும் ஆரஞ்சுமாக மேப்பிள் மரங்கள், கீழே சருகு மெத்தை, நடுவில் முழங்கால் வரை நீளமான காக்கிக் கோட்டும் தோல் பூட்ஸும் கழுத்தில் கம்பளித் துணியும் போட்ட ஒரு பெண். படம் ரொம்ப அழகு, அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை, அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமையே ஒரு காலேஜ் பொண்ணு அதே படத்தை போனில் எடுத்துக்கொண்டு வந்து, கடுகு மஞ்சளில் கழுத்து மூடிய முழுக்கை மேல்சட்டை, உள்ளே லைனிங் வைத்து தைத்துக் கொடுங்கள் என்று நின்றாள். ஐப்பசி மாதம் மழை விட்ட மறுநாள் நம் சேலம் ஐந்து ரோட்டில் பதினொரு மணிக்கு என்ன புழுக்கம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பொண்ணு ஆசைப்பட்ட கலர் சரி, துணிதான் நம் ஊருக்குச் சேராது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அம்மாபேட்டையில் 27 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள், அண்ணன் இப்போதும் அங்கேதான் ஒன்றரை ஏக்கர் காப்பி வைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் மேலே ஒரு கண்ணும் கீழே ஒரு கண்ணுமாகத்தான் எனக்கு வருஷம் போகிறது.

அந்தப் படத்தில் இருக்கிற மாதிரிக் குளிர் நாடுகளில் இலை ஏன் அப்படி நிறம் மாறுகிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், அந்த உடைகளின் கலர் எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்துவிடும். பகல் சுருங்கிக் குளிர் நெருங்கும்போது மரம் இலையில் இருக்கிற பச்சையத்தைக் கரைத்து, அதில் உள்ள சத்தைத் தண்டுக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் இலைக்குள் முன்பிருந்தே இருக்கிறது, பச்சை அதை மூடி வைத்திருந்தது, பச்சை போனதும் அது வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அந்த நேரத்தில் இலையிலேயே புதிதாக உண்டாவது. பிறகு இலை உதிர்கிறது, பனி விழுவதற்குள் மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. செப்டம்பரில் இருந்து நவம்பர் வரை அந்த மக்கள் கண்ணெதிரே இதுதான் நடக்கிறது, அதனால்தான் அவர்கள் துருக் கலரும் கடுகு மஞ்சளும் ஒயின் சிவப்பும் ஆலிவ் பச்சையும் எடுத்து கம்பளியில் நெய்து போட்டுக்கொள்கிறார்கள். பார்த்ததை உடுத்துகிறார்கள். ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய், சிவந்த இலையைப் பார்ப்பதற்கென்றே குடும்பமாகக் கிளம்பிப் போவார்கள், கிமோனோவில் அந்தந்தப் பருவத்துப் பூவும் இலையும் இருக்க வேண்டும், அதுவும் பருவம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உடுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எனக்கு அது ரொம்பப் பிடித்த வழக்கம்.

நாம் மட்டும் ஏன் நம் கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் அவர்கள் மரத்தைப் பார்த்து உடுத்த வேண்டும்?

நம் ஆறு பருவத்தில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில், இவ்வளவுதான். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அந்த நாட்டுக்காரர்கள் இலை பொறுக்குகிற அதே நாட்களில் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்து எல்லாம் பச்சை கட்டுகிறது. நமக்கு இலை கொட்டுவது மாசி பங்குனியில். ஏற்காட்டு அடிவாரத்தில் இருந்து முதல் சில வளைவுகள் ஏறும்போது இரண்டு பக்கமும் காடு எலும்பாக நிற்கும் பாருங்கள், அதுதான் நம் இலையுதிர் காலம், அதற்குக் காரணம் பனி இல்லை, தண்ணீர்ப் பஞ்சம், வெயில் வருவதற்குள் மரம் செலவைக் குறைத்துக்கொள்கிறது. (பாரிஸிலும் மிலனிலும் இலையுதிர் கால உடைகளை மேடையில் காட்டுவதும் பிப்ரவரி, மார்ச்சில்தான். அது கடைகளுக்காக ஆறு மாதம் முன்கூட்டிக் காட்டுவது, இருந்தாலும் அந்தச் செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம் எனக்கு அடிவாரக் காடுதான் ஞாபகம் வரும்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து நிலத்தையும் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பொழுது கொடுத்தபோது, மலைக்கு, அதாவது குறிஞ்சிக்கு, கூதிரையும் முன்பனியையும்தான் பெரும்பொழுதாகக் கொடுத்தார்கள். கோடையில் மலைக்குப் போவது வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பழக்கம், இன்றைக்கும் மே மாதம் கோடை விழா நடக்கும்போதுதான் எல்லாரும் ஏற்காட்டுக்கு வண்டி கட்டுகிறார்கள், ஏரியைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. மலைக்கு அழகு வருகிற மாதத்தில் பேருந்தில் பாதி இருக்கை காலியாகப் போகிறது.

கார்த்திகையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். சேலத்தில் இருந்து 30 கிலோமீட்டர் சொச்சம்தான், 20 கொண்டை ஊசி வளைவு, ஏறி முடித்தால் சுமார் 1,500 மீட்டர் உயரம். காப்பி பழுக்கிற நேரம். பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்ததும் மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூத்தது, எட்டு ஒன்பது மாதம் காயாக இருந்து, நவம்பரில் பழுக்க ஆரம்பித்துத் தை வரைக்கும் பறிப்பு நடக்கும். ஒரு கிளையை மட்டும் கையில் பிடித்து நிதானமாகப் பாருங்கள். இலை கறுத்த பச்சை, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும், ஓரம் அலை அலையாக இருக்கும். கணுவுக்குக் கணு காய் கொத்தாக ஒட்டியிருக்கும், ஆனால் ஒரே கொத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது, அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒன்று இன்னும் கிளிப்பச்சை, பக்கத்தில் இருப்பது எலுமிச்சை மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும், அடுத்ததில் ஒரு கன்னம் மட்டும் ஆரஞ்சு, அதற்கடுத்தது நல்ல இரத்தச் சிவப்பு, பறிக்காமல் விட்டுப்போனது அரக்கில் இருந்து கறுப்புக்குப் போய்ச் சுருங்கியிருக்கும். மேப்பிள் மரம் ஒரு மலையளவு காட்டுவதை இந்தக் கிளை ஒரு முழ நீளத்தில் காட்டிவிடுகிறது. மழை நின்ற அரைமணி நேரத்தில், அந்தச் சிவப்புப் பழத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கும்போது அந்தச் சொட்டும் சிவப்பாகத்தான் தெரியும்.

தலைக்கு மேலே சில்வர் ஓக். காப்பிக்கு நிழல் வேண்டும் என்று வரிசையாக வைத்த மரம், அதன் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அந்த இலை மேல்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளி பூசின மாதிரி. வாடைக்காற்று அடித்தால் மரம் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பி வெளுக்கும், காற்று நின்றால் மறுபடி பச்சை. இரட்டைக் கலர்ச் சேலையை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்க்கிற மாதிரியே இருக்கும், நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போய் அடி வாங்கியிருக்கிறேன். அப்புறம் மூடுபனி. காலை எட்டு மணிக்குக் கூட பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது, அதற்குள் யாராவது ஒருத்தர் அரக்குக் கலர் சால்வை போட்டுக்கொண்டு வந்தால் முதலில் அந்த அரக்கு மட்டும் தனியாக நடந்து வரும், ஆள் பிறகுதான் வருவார்.

உங்கள் பக்கத்தில் "அடுக்கடுக்காக உடுத்துங்கள்" என்று ஒரு குறிப்பு இருந்தது. எங்கள் அம்மா பழம் பறிக்கப் போகும்போது எப்படி உடுத்துவார் தெரியுமா? கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகின நூல் சேலை, அதன்மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, பொத்தான் எல்லாம் போட்டு, தலையில் கட்டம் போட்ட துண்டு, இடுப்பில் பழம் போட ஒரு சாக்கு, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார். சட்டை சாம்பல் கலர், துண்டு செங்கல் கலர், சேலை மங்கின பச்சை. குளிருக்கும் அட்டைக்கும் முள்ளுக்கும் பார்த்துக் கட்டினது, யாரும் பார்த்து மெச்ச வேண்டும் என்று கட்டினதில்லை. ஆனால் அந்தக் கலர்களும், ஒரு மெல்லிசுத் துணிமேல் ஒரு முரட்டுத் துணி போட்டு இடுப்பில் இறுக்குகிற அந்த முறையும் இன்றைக்கும் எந்தப் பத்திரிகையிலும் நிற்கும். இப்போதும் எஸ்டேட் வழியில் காலையில் போனால் அதே மாதிரிப் பத்துப் பெண்கள் எதிரே வருவார்கள்.

பருவத்துக்குத் தக்கபடி அலங்காரத்தை மாற்றுவது நமக்குப் புதிது இல்லை என்பதை என் மகள்தான் எனக்குச் சொன்னாள், அவள் தமிழ் படித்தவள். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை இருக்கிறதே, அது முழுக்க இந்தக் கூதிர் காலத்தைப் பற்றினது. அதில் குளிர் வந்ததும் ஊர்ப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று வருகிறது: சந்தனம் அரைக்கிற கல்லைச் சந்தனத்தோடு ஓரமாக வைத்துவிடுகிறார்கள், கட்டின மாலையைச் சூடாமல் கூந்தலில் ஒருசில பூ மட்டும் வைத்துக்கொள்கிறார்கள், வாசனைக் கட்டையில் நெருப்பு மூட்டி அகில் புகைக்கிறார்கள். கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முந்தைய குறிப்பு இது. ஒரு ஃபேஷன் பக்கத்தில் வேறு என்ன எழுதுவார்கள்? இந்த மாதத்தில் எதைக் குறைக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும், அதுதானே. அதே பாட்டில் வெள்ளை முசுண்டைப் பூவும் பொன் மாதிரி பீர்க்கம்பூவும் புதருக்குப் புதர் சேர்ந்து பூத்திருந்ததாக வருகிறது என்று அவள் சொன்னபோது எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை, வெள்ளைச் சேலை உடலில் பீர்க்கம்பூ மஞ்சள் பார்டர் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அப்படியே ஒரு நூல் சேலைக்கு ரவிக்கை தைத்தும் கொடுத்தேன், பீர்க்கம்பூ மஞ்சள் கொஞ்சம் பச்சை ஓடின மஞ்சள், மாம்பழ மஞ்சள் வைத்தால் கெட்டுவிடும்.

எங்கள் வீட்டிலும் கார்த்திகை வந்தால் அம்மா தலை குளிப்பாட்டி அடுப்பு நெருப்பை மண்சட்டியில் அள்ளி சாம்பிராணி போட்டு முடியைக் காய வைப்பார். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகி நிற்கும், 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையும், மேலே அந்த மாதத்தில் ராத்திரி 13, 14 வரைக்கும் இறங்கும். பாட்டிலை அடுப்பு மேடையில் வைத்து உருக்கித்தான் கைக்கும் காலுக்கும் உதட்டுக்கும் தடவுவார். குளிர்காலச் சருமப் பராமரிப்பு என்று அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, தோல் வெடித்ததும் இல்லை.

பூவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத் துணிக்கு வருகிறேன். செங்காந்தள் நம் மாநிலப் பூ, அதைக் கார்த்திகைப் பூ என்றே கூப்பிடுகிறோம், ஐப்பசி கார்த்திகை மழையில்தான் அது வேலியில் ஏறிப் பூக்கும். விரியும்போது அந்த இதழ் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியில் இருந்து சிவப்பு இறங்கும், கடைசியில் முழுசாகச் சிவந்துவிடும், ஒரே கொடியில் மூன்று நிலையும் இருக்கும். கிழங்கு கடும் விஷம், பிள்ளைகளைத் தொடவிடக் கூடாது. சாமந்தியும் இந்த மாதத்துப் பூதான், பகல் குறைந்தால்தான் அது மொட்டு வைக்கும், அந்த விதத்தில் மேப்பிள் இலைக்கும் பனமரத்துப்பட்டிச் சாமந்திக்கும் ஒரே கடிகாரம். ஆயுத பூஜை சமயத்தில் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போனால் மஞ்சளும் வெள்ளையும் செம்பு நிறமுமாகக் குவியல் குவியலாகக் கிடக்கும், நான் பூ வாங்கப் போய் கலர் பார்த்துவிட்டு வருவேன்.

சரி, துணிக்கு வருகிறேன். மூன்று வருஷம் முன்னால் என் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் குறித்திருந்தார்கள். மாலை மாற்றின பிறகு உடுத்துகிற சேலைக்கு எங்கே தேடினாலும் அவளுக்கு மனசுக்குப் பிடித்த கலர் கிடைக்கவில்லை. "அத்தை, நம்ம காட்டுல இப்ப இருக்கிற கலர்ல கிடைக்குமா" என்று ஒருநாள் கேட்டாள். நான் என்ன செய்தேன், அந்த வாரமே மேலே போய் நல்ல கொத்தாகப் பார்த்து ஒரு காப்பிக் கிளையை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, மறுநாள் காலையில் நேரே சாயக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் துணியைப் பிரித்தார், பழமெல்லாம் ஒரே ராத்திரியில் கறுத்துப்போயிருந்தது, இலை வாடித் தொங்கியது. "அக்கா, இது நிமிஷத்துக்கு ஒரு கலர் மாறும், நான் எதைப் பார்த்துச் சாயம் போடுறது? நூல்ல மாதிரி கொண்டு வாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்.

அடுத்த ஞாயிறு கடையில் இருந்த நூல்கண்டுப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு மேலே போனேன். செடிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு கண்டாக எடுத்துப் பழத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு என்று நான் வைத்திருந்த கண்டு அங்கே செத்துப்போய்த் தெரிந்தது. சிவப்பு என்று ஒதுக்கி வைத்திருந்த பதினோரு கண்டில் ஒன்றே ஒன்றுதான் பழத்தோடு சேர்ந்தது, அதுவும் நான் இத்தனை வருஷம் யாருக்கும் தொடாமல் வைத்திருந்த பழைய கண்டு. மஞ்சளுக்கு மூன்று மணிநேரம் ஆனது. பழுக்கிற மஞ்சள் சுத்த மஞ்சள் கிடையாது, உள்ளே சிவப்பு ஓடும், வெளியே பச்சை மிச்சம் இருக்கும். தேன் கலருக்கும் மெந்தயக் கலருக்கும் நடுவில் ஒன்று கடைசியில் சேர்ந்தது. பொழுது இறங்கினதும் எல்லாம் மறுபடி வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது, நிறுத்திவிட்டேன்.

தறிக்காரர் அண்ணனிடம் போனால் இன்னொரு சிக்கல். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டுகிற நூல், போட்டால் மூன்று நான்கு சேலை இறங்கும், ஒரே ஒரு சேலைக்காகப் பாவு போட முடியாது. அவர் தறியில் அந்த நேரத்தில் அரக்குச் சிவப்பில் ஒரு பாவு ஓடிக்கொண்டிருந்தது, பார்டர் இலைப்பச்சை, இரண்டு சேலை இறங்கி மூன்றாவது பாக்கி. "ஊடையை மட்டும் மாத்தித் தர்றேன், வந்தா அதிர்ஷ்டம்" என்றார், ஊடை என்றால் குறுக்கே ஓடுகிற நூல். பாவு அந்தச் சிவப்பு, ஊடை நான் பிடித்துக்கொண்டு வந்த மஞ்சள். சேலை இறங்கி வந்ததும் வெளியே வெயிலில் விரித்தோம். தட்டையாக இருக்கிற இடத்தில் ஆரஞ்சு ஓடின மஞ்சள், மடிப்பு விழுகிற இடத்தில் எல்லாம் பழச் சிவப்பு, ஓரத்தில் காப்பி இலைப் பச்சை. நடக்க நடக்க ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டில் இது எந்தக் கடை என்று கேட்காத ஆள் இல்லை, அண்ணன் மகள் எல்லாரிடமும் எங்க தோட்டம் என்று சொன்னாள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். என் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப்பேர் முதலில் கேட்கிற கேள்வி, "அக்கா, இது என் கலருக்கு எடுக்குமா?" மாநிறமாக இருக்கிற பிள்ளைகள், கறுப்பாக இருக்கிற பிள்ளைகள், அரக்கும் கடுகு மஞ்சளும் செங்கல் கலரும் தங்களுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்பதற்காக, வெளிறின ரோஸும் வெளிறின நீலமுமாக இங்கிலீஷ் கலராகவே எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அதில் அவர்கள் முகம் மங்கிப்போகிறது, என் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். இந்தக் கூதிர் காலத்துக் கலர் எல்லாமே மண்ணில் இருந்தும் பழத்தில் இருந்தும் வருகிற கலர். அது நம் தோலுக்குப் பக்கத்தில் வைத்ததும் தோலில் இருக்கிற செம்பு நிறத்தை வெளியே இழுக்கும். பழுத்த காப்பிக்குப் பக்கத்தில் எங்கள் அம்மாவின் கை எப்படி இருந்தது என்று பார்த்தவள் நான், அதைவிட அழகான சேர்க்கையை எந்த மாதிரிப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. நம்பிக்கை இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்வேன்: அரை மீட்டர் செங்கல் கலர் துணியையும் அரை மீட்டர் வெளிர் ரோஸையும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் வெயில் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். இதுவரை திரும்பி வந்து ரோஸ் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

கலரைச் சொன்னேன், துணியையும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஐப்பசியில் பகல் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் குறையாது, ஈரக்காற்று வேறு, அதனால் நூல் சேலையும் நூல் ரவிக்கையும்தான், லைனிங் வைத்தாலும் மெல்லிசு காட்டன் வையுங்கள். பாலியெஸ்டர் வேண்டாம், வேர்வை உள்ளேயே நிற்கும். மலைக்குப் போகிறவர்கள் அதே சேலைமேல் ஒரு கம்பளிச் சால்வை எடுத்துக்கொண்டால் போதும். பட்டு உடுத்த இந்த மாதம்தான் சரி, சித்திரையில் உடுத்திக்கொண்டு வேர்த்து ஊற்றுவதைவிட. ஆண்களுக்குச் சேலம் வெண்பட்டு வேட்டி இருக்கிறது, புவிசார் குறியீடே வாங்கின துணி, அந்த வெள்ளை சுண்ணாம்பு வெள்ளை இல்லை, ஏரிமேல் காலைப் பனி நிற்கிற வெள்ளை. மேலே ஒரு காப்பிக்கொட்டை கலர்ச் சட்டை போட்டால் தீபாவளிக்கு வேறு எதுவும் தேட வேண்டாம். காலுக்குக் கொலுசு நம் ஊர்ப் பொருள், பளபளவென்று மெருகு போட்டதைவிடக் கொஞ்சம் கறுத்த வெள்ளி வாங்குங்கள், செவ்வாய்ப்பேட்டையில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள், சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் மாதிரியே இருக்கும்.

வெளிநாட்டுப் படம் போடவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஏற்காட்டில் காப்பி வந்ததே 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரையால்தான். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம். வந்ததெல்லாம் இந்த மண்ணில் வேர் விட்டு, இங்கே மழையும் வெயிலும் பார்த்து, எங்கள் ஆட்கள் கைபட்டு இப்போது எங்களுடையதாகிவிட்டது. அந்தக் காலேஜ் பொண்ணு கொண்டுவந்த கடுகு மஞ்சளையும் அப்படித்தான் செய்தேன். கழுத்து மூடின சட்டைக்குப் பதிலாக, அதே கலரில் கைத்தறி நூல் துணி எடுத்து, முழங்கை வரை கை வைத்த ரவிக்கையாகத் தைத்து, அவள் பாட்டியின் பழைய அரக்குச் சுங்குடியோடு சேர்த்து உடுத்தச் சொன்னேன். நேற்று வந்து போட்டோ காட்டினாள். மழை பெய்து கழுவின தெருவில், சிவந்து விழுந்த பாதாம் இலைக்கு நடுவில் நின்று எடுத்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த இடத்தை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். நம் ஊர்த் தெருவில் இலை சிவந்து விழுகிற மரம் இந்த நாட்டுப் பாதாம் ஒன்றுதான் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற கார்த்திகையில் உங்கள் போட்டோகிராபரை ஒருநாள் ஏற்காட்டுக்கு அனுப்புங்கள். ஏரிக்கரையிலும் வியூ பாயிண்டிலும் நிற்க வேண்டாம், தோட்டத்துப் பக்கம் நடக்கச் சொல்லுங்கள். சேலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் பனி விலகுவதற்குள் போய்விடலாம், எட்டரை ஒன்பது மணிக்குப் பறிக்கிற பெண்கள் உள்ளே இறங்குவார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், கேட்காமல் எடுத்தால் கோபம் வரும். அம்மாபேட்டையில் ஒரு தறியையும் எடுக்கச் சொல்லுங்கள். உடுத்திக் காட்ட மாடல் தேட வேண்டாம், என் கடைக்கு வருகிற பிள்ளைகளே பத்துப் பேர் வருவார்கள், சேலை ரவிக்கை என் பொறுப்பு. அண்ணன் தோட்டத்தில் மதியச் சாப்பாடும் காப்பியும் உண்டு. கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் வந்தால் பழம் நடுத்தரமாகப் பழுத்து எல்லாக் கலரும் ஒரே கிளையில் நிற்கும், மார்கழி பாதிக்கு மேல் போனால் பெரும்பாலானதைப் பறித்துக் களத்தில் போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.